கடைசி ஊசியை யார் கையால் போடச் சொல்வார்கள்?

மதுரையை ஒட்டிய பரவையில் பெட் கிளினிக் திறக்க நினைக்கும் இளம் கால்நடை மருத்துவருக்கு முதலில் ஒரு கணக்கு. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் இன்று ஏழு கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. வேப்பேரியும் நாமக்கல்லும் மட்டும் இருந்த காலம் போய்விட்டது. திருநெல்வேலி, ஒரத்தநாடு, தலைவாசல், உடுமலைப்பேட்டை, தேனி என்று வரிசை நீண்டுவிட்டது. இன்டர்ன்ஷிப்போடு சேர்த்து ஐந்தரை வருடம் படித்துவிட்டு வெளியே வருகிறவர்கள் எல்லோருக்கும் அரசு வேலை கிடைக்காது. மிச்சப் பேர் போர்டு மாட்டப் போகிறார்கள். உங்கள் தெருவிலும் ஒருவர் மாட்டுவார்.

ஏரியா நல்ல ஏரியாதான். திண்டுக்கல் சாலையில் விளாங்குடி தாண்டி, பரவை மார்க்கெட் தாண்டி, சமயநல்லூர் வரைக்கும் பிளாட்டும் வீடும் கூடிக்கொண்டே போகின்றன. வீட்டுக்கு வீடு ஒரு லாப்ரடாரோ பொமரேனியனோ இருக்கிறது. கொஞ்சம் உள்ளே போனால் ராஜபாளையம், சிப்பிப்பாறை. ஆனால் வேக்சின் போட, பூச்சி மருந்து கொடுக்க, குளிப்பாட்டி முடி வெட்ட எல்லோருக்கும் தெரியும். அங்கே விலையில் மட்டும்தான் போட்டி. குணமாகாத நோயில் கிடக்கும் நாயை வைத்துக்கொண்டு, “இனி என்ன சார் பண்றது?” என்று ஒரு குடும்பம் கேட்கும்போது நீங்கள் எப்படி நடந்துகொள்கிறீர்கள் என்பதில்தான் உங்களுக்கும் அடுத்தவருக்கும் வித்தியாசம் தெரியும். அந்த ஒரு மணி நேரத்தை அந்தக் குடும்பம் பத்து வருடம் பேசும். கருணைக்கொலை வரைக்கும் போகும் அந்த ஒரு மணி நேரத்தைக் கையாள்வதைத் தொழில்திறனாகவே கற்றுக்கொள்ளுங்கள்.

1. தீர்ப்புக்கு முன்னால் டெஸ்ட்

“பாக்கவே முடியல சார், ஊசியப் போட்டு விட்டுருங்க” என்று தூக்கிக்கொண்டு வரப்படும் நாய்களில் பல, சாக வேண்டிய நாய்களே அல்ல. புழு வைத்த புண்ணைப் பாருங்கள். நாற்றத்தில் வீட்டார் கிட்டேயே போகமாட்டார்கள். புழுவை எடுத்துச் சுத்தம் செய்து, விடாமல் கட்டுப் போட்டால் பெரும்பாலும் சதை வளர்ந்து மூடிவிடும். பிறப்புறுப்பில் ரத்தம் கசியக் கசிய வளரும் டிவிடி கட்டியைக் கேன்சர் என்று கேட்டவுடனே வீட்டார் நம்பிக்கை இழந்துவிடுவார்கள். வாரம் ஒரு வின்கிறிஸ்டின் என்று சில வாரம் போனால் பெரும்பாலான நாய்களில் அது கரைந்தே போகும். உண்ணிக் காய்ச்சலில் பிளேட்லெட் விழுந்து, மூக்கில் ரத்தம் வடிந்து, எழுந்து நிற்க முடியாமல் கிடக்கும் நாயும் அப்படித்தான். எர்லிக்கியா என்று உறுதியானால் நான்கு வாரம் டாக்சிசைக்ளின், கூடவே கவனிப்பு. நேரத்தோடு வந்துவிட்டால் அதில் பல நாய்கள் வாலை ஆட்டிக்கொண்டு திரும்பிப் போகும்.

ரோட்டில் அடிபட்டுப் பின்னங்கால் இழுத்துக்கொண்டு வரும் நாயிடம் அவசரப்படாதீர்கள். விரல் எலும்பை அழுத்திப் பாருங்கள். காலைச் சுண்டி இழுத்தால் மட்டும் போதாது, அது ரிஃப்ளெக்ஸாக இருக்கலாம். தலையைத் திருப்பிப் பார்க்கிறதா, முனகுகிறதா என்று கவனியுங்கள். ஆழத்தில் வலி தெரிந்தால் நம்பிக்கை இருக்கிறது. தெரியாவிட்டாலும் வலியில்லாமல் சக்கரம் கட்டி ஓடும் நாய்கள் இருக்கின்றன.

அதே சமயம், முடியாததை முடியாது என்று சொல்லும் தைரியமும் வேண்டும். கிரியாட்டினின் 5ஐத் தாண்டி நான்காம் கட்டத்துக்குப் போய்விட்ட நாள்பட்ட சிறுநீரகக் கோளாறு, நுரையீரலுக்குப் பரவிவிட்ட எலும்புப் புற்று, டிஸ்டெம்பர் மூளைக்கு ஏறி மருந்துக்கு அடங்காமல் வரும் வலிப்பு. இந்த இடத்தில் “பாக்கலாம், பாக்கலாம்” என்று இழுக்கும் டாக்டரை முதல் வாரம் எல்லோருக்கும் பிடிக்கும். மூன்றாவது வாரம் பிடிக்காது.

சந்தேகம் இருந்தால் ரெஃபர் செய்யுங்கள். தல்லாகுளம் அரசு கால்நடை மருத்துவமனை பக்கத்தில்தான் இருக்கிறது. பெரிய கேஸ் என்றால் நாமக்கல், திருநெல்வேலி, வேப்பேரி. இன்னொரு டாக்டரிடம் அனுப்பினால் கிளையன்ட் போய்விடுவார் என்று பயப்படாதீர்கள். அவர் அங்கேயும் அதே பதிலைக் கேட்டால், கடைசி முடிவுக்கு உங்களிடம்தான் திரும்பி வருவார்.

2. மார்க் ஷீட் கொடுங்கள்

“எப்ப சார் முடிவு பண்றது?” என்ற கேள்விக்கு “உங்களுக்கே தெரியும்” என்று பதில் சொல்லாதீர்கள். அவர்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் உங்களிடம் வந்திருக்கமாட்டார்கள். அமெரிக்கப் புற்றுநோய்க் கால்நடை மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் 2004இல் ஒரு அளவுகோல் கொடுத்தார். வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், சந்தோஷம், நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா என்று ஏழு தலைப்புகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை மார்க். கூட்டினால் 35க்கு மேல் இருந்தால் இன்னும் கவனித்துக்கொள்ளலாம், வாழ்க்கை ஓரளவு தாங்கும்படி இருக்கிறது. அதற்குக் கீழே தொடர்ந்து இறங்கினால் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது. வலி என்ற தலைப்பில் மூச்சுத் திணறலும் அடக்கம். மூச்சுக்குத் தவிக்கும் நாய்க்கு மற்ற ஆறிலும் நல்ல மார்க் இருந்து பயனில்லை.

இதைத் தமிழில் ஒரு பக்கமாக அடித்து வைத்துக்கொள்ளுங்கள். பொதுவான கேள்விகளை அந்த வீட்டுக் கேள்விகளாக மாற்றுங்கள். அப்பாவின் பைக் சத்தம் கேட்டால் கேட்டுக்கு வருகிறதா? தயிர்சாதத்தை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறதா, சாப்பிடுகிறதா? மூத்திரம் போக எழுந்து போகிறதா, படுத்த இடத்திலேயே போய்விட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறதா? நாய்க்குச் சுத்தம் பெரிய விஷயம். தன் மூத்திரத்திலேயே கிடப்பது அதற்கும் கஷ்டம்தான். புட்டத்திலும் முழங்கையிலும் படுக்கைப் புண் விழுந்திருக்கிறதா என்று நீங்களே புரட்டிப் பாருங்கள்.

முக்கியமான டெக்னிக் ஒன்று. வீட்டில் ஒவ்வொருவரும் தனித்தனியாக மார்க் போடட்டும், சேர்ந்து போட வேண்டாம். காலை எட்டு மணிக்கு ஆபீஸ் போய் இரவு வரும் மகன் 45 போடுவான். பகல் முழுக்கக் கூடவே இருந்து துடைத்துவிடும் அம்மா 20 போடுவார். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே பேச்சு தானாகத் தொடங்கிவிடும். நீங்கள் வாதாட வேண்டியதில்லை. காலண்டரில் நல்ல நாளுக்கு ஒரு டிக், கெட்ட நாளுக்கு ஒரு கோடு என்று பத்து நாள் போடச் சொன்னால், பதினோராவது நாள் அவர்களே போன் செய்வார்கள்.

3. “பாவம் வந்து சேருமா சார்?”

இந்தக் கேள்வி கட்டாயம் வரும். வாயில்லா ஜீவனைக் கொன்றால் குடும்பத்துக்கு ஆகாது என்று பாட்டி சொல்லியிருப்பார். அதை மூடநம்பிக்கை என்று தள்ளினால் அந்த வீட்டுக் கதவு உங்களுக்கு மூடிவிடும். மதிப்பாகப் பதில் சொல்லுங்கள். சொல்வதற்கு நம் நாட்டிலேயே ஒரு கேஸ் இருக்கிறது.

1928இல் சபர்மதி ஆசிரமத்தில் ஒரு கன்று நோயில் விழுந்தது. புரண்டு படுக்கக்கூட முடியாத வேதனை. மருத்துவர் வந்து பார்த்துவிட்டு இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொல்லிவிட்டார். ஆசிரமத்தில் இருந்தவர்களிடம் காந்தி கலந்துபேசினார். எதிர்ப்பும் இருந்தது. கடைசியில் டாக்டர் ஊசி போட, கன்று இறந்தது. காந்தி பக்கத்திலேயே நின்றார். செய்ததை மறைக்காமல் நவஜீவனிலும் யங் இந்தியாவிலும் எழுதினார். அகிம்சைவாதியா இப்படிச் செய்வது என்று கோபக் கடிதங்கள் வந்து குவிந்தன. அவர் பின்வாங்கவில்லை. அந்த விவாதத்தின்போது, எப்போது இது தகும் என்று நான்கு நிபந்தனைகளையும் வைத்தார். நோய் குணமாகாததாக இருக்க வேண்டும். சம்பந்தப்பட்ட எல்லோரும் பிழைக்கும் என்ற நம்பிக்கையை விட்டிருக்க வேண்டும். எந்த உதவியும் பணிவிடையும் பயன்படாத நிலையாக இருக்க வேண்டும். அந்த உயிர் தன் விருப்பத்தைச் சொல்ல முடியாததாக இருக்க வேண்டும்.

என் கணிப்பில் எந்த அமெரிக்க கைடுலைனையும்விட மதுரைக்காரர்களிடம் எடுபடுவது இதுதான். பள்ளிக்கூட டூரில் காந்தி மியூசியத்தைப் பார்க்காத பிள்ளை இந்த ஊரில் குறைவு. ஆனால் வாதத்தில் ஜெயிப்பதற்காக இதை எடுக்காதீர்கள். நான்கு நிபந்தனையையும் அந்த நாய்க்குப் பொருத்தி வாய்விட்டுச் சொல்லுங்கள். மூன்றாவது பொருந்தவில்லை, வலி மருந்தில் இன்னும் வழி இருக்கிறது என்றால் அதையும் சொல்லுங்கள். அப்படிச் சொல்லும் டாக்டரைத்தான் நம்புவார்கள்.

அடுத்த கேள்வி: “உங்க நாயா இருந்தா என்ன பண்ணுவீங்க?” நழுவாதீர்கள். யோசித்து, ஒரே வாக்கியத்தில் பதில் சொல்லுங்கள். அதன் பிறகு முடிவு அவர்களுடையது என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அமைதி ஒரு நிமிடம் நீடித்தால் நீடிக்கட்டும். நிரப்ப முயலாதீர்கள்.

4. எல்லோரையும் லைனில் கொண்டுவாருங்கள்

கொண்டுவந்தவர் மட்டுமே வீட்டு முடிவைச் சொல்கிறார் என்று நம்பாதீர்கள். நாய் யாருடையது என்று கேளுங்கள். பெங்களூரில் ஐடியில் இருக்கும் மகள் பத்தாம் வகுப்பில் வாங்கிய குட்டியாக இருக்கும். அவளுக்குத் தெரியாமல் ஊசி போட்டால், இரவு உங்கள் கூகுள் ரிவ்யூவில் ஒற்றை ஸ்டார் விழும். அது நியாயமும்கூட. வாட்ஸ்அப் வீடியோ காலில் கூப்பிட்டுக் காட்டச் சொல்லுங்கள். நாய் தாங்கும் நிலையில் இருந்தால் அவள் பஸ் ஏறி வரும்வரை வலி மருந்தில் வைத்திருங்கள்.

செவ்வாய், வெள்ளி வேண்டாம், அமாவாசை கழியட்டும் என்பார்கள். வலியைக் கட்டுக்குள் வைக்க முடிகிறதென்றால் ஒத்துக்கொள்ளுங்கள். முடியவில்லை என்றால், “இன்னொரு ராத்திரி இதால தாங்க முடியாதும்மா” என்று நேராகச் சொல்லுங்கள்.

ஊசிக்கு முன் “இறந்துவிடும்” என்ற சொல்லை ஒரு முறையாவது வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும். தூங்க வைக்கிறோம் என்று மட்டும் சொல்லி, அனஸ்தீசியா என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டவர்கள் உண்டு.

5. கை வேலை

முதலில் கேனுலா போட்டு நரம்பு வழியைத் தயாராக வையுங்கள். குடும்பத்தின் முன் மூன்று முறை குத்தித் தேடுவதைவிட மோசமான காட்சி இல்லை. அடுத்து மயக்கம். நாய் ஆழ்ந்து மயங்கிய பிறகுதான் கடைசி மருந்து. மயக்கம் இல்லாமல் பொட்டாசியம் குளோரைடோ மெக்னீசியம் சல்பேட்டோ போடுவது கருணையில் சேராது, கொடுமையில் சேரும். மலிவாகக் கிடைக்கிறது என்று யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

என்ன நடக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கண் மூடாது. மூத்திரம் போகலாம். தசை துடிக்கலாம். உயிர் போன பிறகும் ஓரிரு முறை மூச்சு இழுப்பது போலத் தெரியலாம், அது வலியில்லை. சொல்லாமல் விட்டால், “டாமி முழிச்சிருச்சு, சரியாப் போடல” என்று வாழ்நாள் முழுக்க ஒரு சந்தேகம் மிஞ்சும். பிறகு ஸ்டெதஸ்கோப் வைத்துப் பொறுமையாகக் கேளுங்கள். கொஞ்ச நேரம் விட்டு மறுபடி கேளுங்கள். அதன் பிறகு சொல்லுங்கள்.

முடிந்தால் வீட்டுக்கே போங்கள். கிளினிக்கில் என்றால் கடைசி அப்பாயின்ட்மென்டாக வையுங்கள், வேறு நாய் எதுவும் அறையில் இருக்க வேண்டாம்.

6. பேப்பர்

மாநிலக் கால்நடை மருத்துவக் கவுன்சில் பதிவு இல்லாத யாரும், உங்கள் கம்பவுண்டர் உட்பட, இந்த ஊசியைத் தொடக்கூடாது. கன்சென்ட் படிவத்தில் உரிமையாளர் பெயர், நாயின் அடையாளம், நோய், டெஸ்ட் முடிவு, கையெழுத்து எல்லாம் இருக்க வேண்டும். கூடவே ஒரு கேள்வி: கடந்த பத்து நாளில் யாரையாவது கடித்ததா? கடித்த நாய் பத்து நாள் ஆரோக்கியமாக இருந்தால் கடிக்கும்போது ரேபிஸ் பரவியிருக்க வாய்ப்பில்லை என்று முடிவு செய்வது வழக்கம். அதற்குள் ஊசி போட்டால் கடிபட்டவருக்கு அந்தத் தகவல் கிடைக்காமல் போகும். ரேபிஸ் அறிகுறியே இருந்தால் அது தனிக் கேஸ், தனிமைப்படுத்திவிட்டுக் கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள். நீங்களும் உங்கள் அசிஸ்டென்டும் முன்தடுப்பு ரேபிஸ் ஊசி போட்டிருக்கிறீர்களா? இல்லையென்றால் கிளினிக் திறப்பைத் தள்ளிப் போடுங்கள்.

நோயில்லாத நாயைக் கொண்டுவருவார்கள். ஹவுஸ் ஓனர் சத்தம் போடுகிறார், துபாய் போகிறோம், குழந்தை பிறந்திருக்கிறது. மறுத்துவிடுங்கள். பதிலாக வேறு வீடு தேட உதவுங்கள். 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய்தான் என்று சிலர் சிரிப்பார்கள். பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவில் விலங்கைக் கொல்வதற்கு ஐந்து வருடம் வரை சிறை உண்டு என்பதை அவர்களுக்கு நினைவுபடுத்துங்கள். தெருநாய் என்றால் 2023ஆம் ஆண்டு விலங்குக் கருத்தடை விதிகள் தனி வழி வைத்திருக்கின்றன. குணமாகாது என்று உள்ளூர்க் கண்காணிப்புக் குழு நியமித்த அணி சொல்ல வேண்டும். தெருக்காரர்கள் சேர்ந்து காசு கொடுத்தால் போதாது. அடிபட்டுக் கிடந்தால் 1962க்கு அழைக்கச் சொல்லுங்கள்.

7. காசு

கட்டணம் வாங்குங்கள், கூச்சப்படாதீர்கள். இது திறமையான வேலை. ஆனால் தொகையை ஊசிக்கு முன்பே சொல்லி, முன்பே வாங்கிவிடுங்கள். செத்த நாயைக் கையில் வைத்திருப்பவர் ஜிபே ஸ்கேனரைத் தேடும்படி விடாதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிழைக்காது என்று தெரிந்தும் தினம் ஒரு டிரிப் போட்டால் தினம் ஒரு வருமானம். கணக்குப் பார்த்தால் கருணைக்கொலையைவிட அதில் லாபம் அதிகம். அந்த லாபம் உங்களுக்கு வேண்டாம். பரவை சின்ன ஊர். மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடைக்காரர், “பில்லு போடத்தான் இழுத்தாய்ங்க” என்று ஒரு முறை சொன்னால் போதும், அந்தப் பேச்சு சமயநல்லூர் தாண்டிப் போய்விடும்.

8. முடிந்த பிறகும் வேலை இருக்கிறது

உடலை எங்கே புதைப்பது என்று முதலிலேயே கேளுங்கள். சொந்த இடம் இருந்தால் கிணற்றிலிருந்து தள்ளி, ஆழமாகக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டு மூடச் சொல்லுங்கள். வைகைக் கரையில் வீசக்கூடாது. மயக்க மருந்தின் மிச்சம் உடலில் இருக்கும். தோண்டித் தின்னும் நாயும் காக்கையும் சாகலாம். இடம் இல்லாதவர்களுக்கு யாரைக் கேட்பது என்று பேரூராட்சியில் முன்பே பேசி வைத்திருங்கள்.

அன்றே உங்கள் சாஃப்ட்வேரில் அந்த நாயின் பெயரை ரிமைண்டர் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். இறந்து இரண்டு மாதம் கழித்து, “உங்கள் ஜிம்மிக்கு ஆண்டு வேக்சின் நேரம்” என்று மெசேஜ் போனால், அதுவரை நீங்கள் சம்பாதித்த மரியாதை அந்த ஒரு மெசேஜில் போய்விடும். மூன்று நாள் கழித்து ஒரு போன் செய்யுங்கள். இரண்டு நிமிடம் போதும். “சீக்கிரம் பண்ணிட்டமோ?” என்று கேட்பார்கள். மார்க் ஷீட்டை நினைவுபடுத்துங்கள். புதுக்குட்டி வாங்குங்கள் என்று அந்த போனில் சொல்லாதீர்கள். அவர்களே கேட்கும்போது சொல்லுங்கள், நிச்சயம் கேட்பார்கள்.

9. வேலை தேடுபவர்களுக்கு

சொந்தக் கிளினிக்குக்கு முன் சென்னையிலோ பெங்களூரிலோ பெட் ஹாஸ்பிடலில் இரண்டு வருடம் இருக்கலாம் என்று நினைத்தால், இன்டர்வியூவில் இந்தக் கேள்விக்குத் தயாராகப் போங்கள்: “உரிமையாளர் வற்புறுத்துகிறார், நாய் பிழைக்கும் என்று உங்களுக்குத் தோன்றுகிறது. என்ன செய்வீர்கள்?” தத்துவம் பேசாதீர்கள். எந்த டெஸ்ட், எந்த அளவுகோல், யாரிடம் ரெஃபரல், எப்போது மறுப்பீர்கள், எதை எழுதி வைப்பீர்கள் என்று வரிசையாகச் சொல்லுங்கள். இன்டர்ன்ஷிப்பில் சீனியர் இதைச் செய்யும்போது வெளியே போய்விடாமல் கூடவே நின்றவருக்குத்தான் அந்தப் பதில் வரும்.

10. உங்கள் உடம்பும் மனசும்

அமெரிக்காவில் 1979 முதல் 2015 வரையிலான இறப்புப் பதிவுகளை ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்வு, பொதுமக்களோடு ஒப்பிட்டால் ஆண் கால்நடை மருத்துவர்களில் தற்கொலை 2.1 மடங்கு, பெண்களில் 3.5 மடங்கு என்றது. காரணங்கள் பல: கடன், நீண்ட வேலை நேரம், கைக்கெட்டும் மருந்து, அடிக்கடி பார்க்கும் சாவு. நம் ஊரில் இதைப் பற்றிப் பேசுகிற பழக்கமே இல்லை. நீங்கள் தொடங்குங்கள். மயக்க மருந்து அலமாரிக்குப் பூட்டும் ரிஜிஸ்டரும் வையுங்கள். ஒரே நாளில் இரண்டு கருணைக்கொலை வேண்டாம். முடித்த அரை மணி நேரத்துக்கு எந்த அப்பாயின்ட்மென்டும் எடுக்காதீர்கள். பேட்ச்மேட் ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள், மாதம் ஒரு முறையாவது கேஸ்களைப் பேசுங்கள். தூக்கம் போகிறது, கை நடுங்குகிறது, வாழ்வதே பாரமாகத் தெரிகிறது என்றால் டெலி மனஸ் 14416க்குக் கூப்பிடுங்கள். 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.

உங்கள் அசிஸ்டென்டை மறந்துவிடாதீர்கள். நாயைப் பிடித்துக்கொண்டு நிற்பது அந்தப் பையன்தான். இவ்வளவு ட்ரெய்னிங்கும் அவனுக்கு யாரும் கொடுத்திருக்கமாட்டார்கள். அன்று டேபிளைத் துடைக்கும் வேலையை அவனிடம் தனியாக விடாமல் நீங்களும் சேர்ந்து செய்யுங்கள். அடுத்த முறை பிடித்துக்கொள்ள இஷ்டம் இல்லை என்றால் சொல்லலாம் என்று அவனிடம் சொல்லி வையுங்கள்.